தவணை தவறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை: கொங்கு நாட்டு முதலீட்டு மோசடிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஈரோட்டில் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, நிதி நிறுவனங்களில் பணத்தை விட்டவர்களுக்குப் புகார் மனு எழுதிக் கொடுக்கிறேன். கோபி, பெருந்துறை, காங்கேயம், தாராபுரம், திருச்செங்கோடு என்று பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பணத்தைப் போட்டவர்கள் படிக்க வேண்டும். அந்தப் பணத்தைக் காக்க வேண்டிய அதிகாரிகளும் படிக்க வேண்டும்.

பொருளாதாரக் குற்றப் பிரிவு என்பது என்ன? உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் போதாதா?

தமிழ்நாடு காவல்துறையின் தனிப் பிரிவு அது. பொதுமக்களிடம் முதலீடு வாங்கிவிட்டுத் திருப்பித் தராத நிறுவனங்களை விசாரிப்பதுதான் அதன் முக்கிய வேலை. 1990களில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்தபோது, 1997இல் தமிழ்நாடு அரசு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வழக்கறிஞர்களும் பத்திரிகைகளும் ‘டான்பிட்’ என்று சொல்வது இந்தச் சட்டத்தைத்தான். குற்றம் உறுதியானால் 10 ஆண்டு வரை சிறை. அதைவிட முக்கியம், நிறுவனத்தின் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பணம் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்பது. இதற்கான சிறப்பு நீதிமன்றம் கோவையில் இருக்கிறது.

உள்ளூர்க் காவல் நிலையத்தில் மோசடி என்று மட்டும் வழக்குப் பதிவானால் ஆள் கைதாவார், ஜாமீனில் வந்துவிடுவார். சொத்தை முடக்கி உங்களிடம் சேர்க்கும் வழி இந்தத் தனிச் சட்டத்தில்தான் தெளிவாக இருக்கிறது. அதனால்தான் மாவட்டப் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்கே போகச் சொல்கிறேன்.

ஏன் நம் பக்கத்தில் இத்தனை மோசடி? மக்களுக்குப் பேராசை என்று சொல்கிறார்களே?

அந்தச் சொல்லை நான் ஏற்பதில்லை. என் முன்னால் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு ரூபாயைக்கூட வீணாகச் செலவழிக்காதவர்கள்.

ஈமு கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். பெருந்துறையை மையமாக வைத்து வளர்ந்து, 2012 ஆகஸ்டில் சரிந்த மோசடி அது. ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சு, தீவனம், கொட்டகை, மாதம் 6,000 ரூபாய் பராமரிப்புக் கூலி, ஒப்பந்தம் முடிந்ததும் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். நமக்கு அப்படித் தோன்றாததற்குக் காரணம் உண்டு. பல்லடத்தைச் சுற்றி எத்தனையோ ஆண்டுகளாகக் கறிக்கோழி ஒப்பந்தப் பண்ணைகள் நடக்கின்றன. நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்கும், பண்ணைக்காரர் கொட்டகை போட்டு வளர்ப்பார், நிறுவனமே கோழியைப் பிடித்துக்கொண்டு வளர்ப்புக் கூலி கொடுக்கும். இந்த ஏற்பாடு நேர்மையாக நடந்து, பல குடும்பங்கள் அதில் தலையெடுத்திருக்கின்றன. ஈமு வியாபாரிகள் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். வித்தியாசம் இதுதான்: கறிக்கோழியில் குஞ்சுக்கான முதல் நிறுவனத்துடையது, ஈமுவில் அது விவசாயியின் பணம். அங்கே நிறுவனம் கறியை விற்றுச் சம்பாதித்தது. இங்கே ஈமுக் கறியையும் எண்ணெயையும் வாங்கச் சந்தையே கிடையாது. அடுத்து வந்தவர் கட்டிய ஒன்றரை லட்சத்திலிருந்துதான் முன்னால் வந்தவருக்கு 6,000 போனது. அந்த 6,000 மட்டுமே ஆண்டுக்கு 72,000, அதாவது போட்ட பணத்தில் 48 விழுக்காடு.

நிறுவனம் பூட்டப்பட்டதும் தீவன வண்டி வரவில்லை. கம்பி வலைக்குள் ஆள் உயரப் பறவைகள் பட்டினியாக நின்றன. கடைசியில் அரசே கால்நடைப் பராமரிப்புத் துறை மூலம் தீவனம் போட வேண்டி வந்தது. மஞ்சள் விற்ற பணத்தை அதில் போட்டிருந்த ஒருவர் என்னிடம் சொன்னார்: “பணம் போனதுகூடப் பரவாயில்லைங்க, காலையில எந்திரிச்சா அதுக மூஞ்சியப் பார்க்க முடியலைங்க.”

நம் மக்கள் நம்பியது தமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தொழிலின் உருவத்தை. மோசடிக்காரர் ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர் நம்பும் உருவத்தில்தான் வருவார். திருப்பூருக்கு அந்நியச் செலாவணி வணிகமாக வந்தார். ஏற்றுமதி ஊரில் டாலர் ஏற்ற இறக்கத்தில் லாபம் என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? அடுத்தது எந்த உருவத்தில் வரும் என்று ஊகிக்க, அந்தந்த வட்டாரத் தொழிலை அறிந்தவர்கள் புலனாய்வுப் பிரிவில் இருக்க வேண்டும்.

பணம் கொடுக்கத் தவறினால்தானே குற்றம்? அதுவரை போலீஸ் என்ன செய்ய முடியும்?

இந்தப் பக்கத்தை எழுத என்னைத் தூண்டிய கேள்வி இதுதான். “மாதா மாதம் பணம் வருகிறதே, யாரும் புகார் தரவில்லையே, நாங்கள் எப்படி உள்ளே போவது?” என்று அதிகாரிகளே கேட்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

2019இல் நாடாளுமன்றம் முறைப்படுத்தப்படாத முதலீட்டுத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி, அனுமதி இல்லாத முதலீட்டுத் திட்டத்துக்கு ஆள் சேர்க்க விளம்பரம் செய்வதே குற்றம். ஒருவரும் ஒரு ரூபாயும் இழக்காத நாளிலேயே அது குற்றம்தான். அழைத்ததற்கு 1 முதல் 5 ஆண்டு, பணம் வாங்கியதற்கு 2 முதல் 7 ஆண்டு, ஏமாற்றித் திருப்பித் தராமல் விட்டதற்கு 3 முதல் 10 ஆண்டு சிறை என்று மூன்று படிகள் வைத்திருக்கிறார்கள். முதல் படியிலேயே கையை வைக்க இடம் இருக்கும்போது மூன்றாம் படி வரை காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. நம் மாநிலத்தின் 1997 சட்டத்திலும், ஏமாற்றும் நோக்கத்தோடு ஒரு நிறுவனம் திட்டமிட்டு நடப்பதாக அரசு நம்பக் காரணம் இருந்தால் சொத்தை முடக்கலாம் என்று இருக்கிறது.

முன்கூட்டியே நடவடிக்கை எடுத்தால் “நன்றாக நடந்த நிறுவனத்தைப் போலீஸ்தான் கெடுத்தது” என்று பணம் போட்டவர்களே திரண்டு வருவார்கள் என்பது உண்மை. ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் நிறுவனத்துக்கு ஆதரவாகக் கூட்டம் கூட்டுவார்கள். அதிகாரிக்கு அது பெரிய நெருக்கடிதான். ஆனாலும் ஆயிரம் பேர் மாட்டிய நிலையில் நிறுத்தினால் ஆயிரம் குடும்பம். ஐம்பதாயிரம் பேர் சேர்ந்த பிறகு அது தானாகவே நின்றால், திருப்பிக் கொடுக்க எதுவுமே மிஞ்சியிருக்காது.

ஒரு திட்டம் தொடங்கிய உடனே அதிகாரிகளுக்கு எப்படித் தெரியும்?

ஊருக்கே தெரிந்துதானே தொடங்குகிறது! கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கூட்டம் போடுகிறார்கள், புறவழிச் சாலையில் பெரிய பலகை வைக்கிறார்கள், நோம்பிக்கு அன்னதானம் செய்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலர் அறிவார், மண்டப மேலாளர் அறிவார். தகவலைச் சேர்த்து வைக்கும் ஓர் இடம்தான் இல்லை.

வங்கியில் இருந்தபோது நான் கண்ணால் பார்த்தது ஒன்று உண்டு. புதிதாகத் தொடங்கிய ஒரு நடப்புக் கணக்கு. வாரம் முழுவதும் வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று முழுத் தொகைகளாக வரவு. மாதத்தின் 5ஆம் தேதி ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பேருக்கு ஒரே அளவுத் தொகை பற்று. சரக்கு வாங்கியதற்கோ மின் கட்டணத்துக்கோ சம்பளத்துக்கோ ஒரு வரிகூட இல்லை. மூன்று பக்க அறிக்கையிலேயே முழுக் கதையும் இருந்தது. இப்படிச் சந்தேகத்துக்கிடமான பரிமாற்றங்களை வங்கிகள் டெல்லியில் உள்ள நிதிப் புலனாய்வு அமைப்புக்கு அறிவிக்கின்றன. அங்கிருந்து கோவைக்கோ ஈரோட்டுக்கோ அது வந்து சேருவதற்குள் மாதங்கள் ஓடிவிடக் கூடாது. ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, காவல்துறை, சீட்டுப் பதிவாளர் எல்லோரும் உட்காரும் மாநில ஒருங்கிணைப்புக் குழு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதே போன்ற குழு மாவட்ட அளவில் மாதம் ஒரு முறை கூடினாலே பாதி வேலை முடிந்துவிடும். கூடவே, வங்கி அறிக்கையைப் படிக்கத் தெரிந்த ஒரு கணக்காளர் ஒவ்வொரு மாவட்டப் பிரிவிலும் நிரந்தரமாக வேண்டும். நல்ல துப்பறிவாளர்கூட ஆயிரம் பக்க அறிக்கைக்கு முன்னால் திணறிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

அலுவலகச் சுவரில் அரசுச் சான்றிதழ்கள் மாட்டியிருக்கிறார்களே, அவை போலியா?

பெரும்பாலும் அசலாகவே இருக்கும். கம்பெனிப் பதிவுச் சான்று, ஜிஎஸ்டி பதிவு, சிறு தொழில் பதிவு என்று வரிசையாக மாட்டுவார்கள். இவற்றில் எதுவும் பொதுமக்களிடம் முதலீடு வாங்க அனுமதி ஆகாது. டீக்கடைக்கும்கூட ஜிஎஸ்டி பதிவு வாங்கலாம்.

ஒரே கேள்வி கேளுங்கள்: “வைப்புத்தொகை வாங்க உங்களுக்கு அனுமதி கொடுத்தது யார்?” ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம், அங்கேயே புகாரும் கொடுக்கலாம். அனுமதி பெற்ற நிதி நிறுவனங்கள்கூட வைப்புத்தொகைக்கு ஆண்டுக்கு 12.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. மாதம் 3 விழுக்காடு, 5 விழுக்காடு என்று ஒருவர் சொன்னால் மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

ஏலச்சீட்டும் நகைச்சீட்டும் இதில் சேருமா?

பதிவு செய்த ஏலச்சீட்டு சட்டப்படியான தொழில். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டு நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளரிடம் வைக்க வேண்டும். அவர் எடுத்துக்கொள்ளும் கழிவு 7 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நகைக்கடைகளின் சேமிப்புத் திட்டம் 11 மாதத்தில் முடிவதற்கும் காரணம் உண்டு: பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் நேர்செய்யாவிட்டால் கம்பெனி விதிகளின்படி அது வைப்புத்தொகையாகிவிடும். 18 மாத, 24 மாத நகைச்சீட்டு என்றால் கவனம் தேவை.

புகார் கொடுக்க என்ன கொண்டு போக வேண்டும்?

பத்திரம், ரசீது, தேதியிட்டுக் கொடுத்த காசோலை, வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதார் நகல். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் யார் கையில், எங்கே, எந்தத் தேதியில், யார் உடன் இருந்தார்கள் என்று எழுதுங்கள். தேதி மறந்துவிட்டால் “மாரியம்மன் நோம்பிக்கு முந்தின வாரம்” என்று எழுதினாலும் சரி, பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம். முகவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள், மண்டபக் கூட்டப் படங்கள் எதையும் அழிக்காதீர்கள்.

அசல் பத்திரத்தை நிறுவனத்தின் ஆட்களிடம் எக்காரணம் கொண்டும் கொடுத்துவிடாதீர்கள். “புதுப் பத்திரம் மாற்றித் தருகிறோம்” என்று அசலை வாங்கிக்கொண்டு போய் ஆதாரத்தை ஒழித்துக்கட்டிய கதைகள் பல. காவல்துறையிடம் கொடுத்தாலும் எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். சென்ற ஆண்டு ஓர் அம்மாள் மஞ்சள் பையிலிருந்து பத்திரத்தை எடுத்தார். அரிசிப் பானைக்குள் வைத்திருந்ததால் எழுத்து பாதி மங்கியிருந்தது. வாங்கிய அன்றே ஒரு படம் எடுத்து மகனின் கைபேசியில் வைத்திருந்தால் அத்தனை அலைச்சல் தேவைப்பட்டிருக்காது.

கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. ஏற்கெனவே வழக்குப் பதிவாகியிருந்தால் உங்கள் பெயரைப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள். “வழக்குத்தான் இருக்கிறதே, எனக்கும் வந்துவிடும்” என்று வீட்டில் இருந்துவிட்டால் பங்கு பிரிக்கும்போது உங்கள் பெயர் இருக்காது.

எங்களைச் சேர்த்துவிட்டது சொந்த மாமன் மகன். அவன் மீதும் புகார் கொடுக்க வேண்டுமா?

கொங்கு நாட்டு மோசடிகளில் மிகவும் வலிக்கிற இடம் இதுதான். நிறுவனம் தெரிந்தேதான் சொந்தக்காரர்களை முகவராக்குகிறது. பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதுகிற இடத்தில்கூடப் பேச்சு நடக்கும்.

உண்மையை மட்டும் எழுதுங்கள். யார் சொல்லிச் சேர்ந்தீர்கள், பணம் யார் கையில் போனது என்று எழுதினால் போதும். பொய் என்று தெரிந்தே ஆசை காட்டி ஆள் சேர்த்தவருக்கு 2019 சட்டத்தில் 1 முதல் 5 ஆண்டு சிறை உண்டு. தானும் நம்பி, தன் பணத்தையும் போட்டு ஏமாந்தவரா, கமிஷனுக்காகத் தெரிந்தே செய்தவரா என்று பிரித்துப் பார்ப்பது விசாரணை அதிகாரியின் வேலை. அதைப் பொறுமையாகச் செய்யும் அதிகாரிக்குச் சாட்சி கிடைக்கும். ஏமாந்த முகவரைப் போல் நல்ல சாட்சி வேறு யாரும் இல்லை, உள்ளே நடந்தது முழுவதும் அவருக்குத் தெரியும். எல்லா முகவர்களையும் ஒரே கயிற்றில் கட்டினால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

பணம் எப்போது திரும்பி வரும்?

இனிப்பாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்பு சொன்ன அந்நியச் செலாவணி வணிகத்தின் பெயரில் பணம் வாங்கிய திருப்பூர் பாசி நிறுவனம் 2009இல் சரிந்தது. வழக்கு சிபிஐக்குப் போய், கோவைச் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 ஆகஸ்டில். இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறை, 171 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம். 13 ஆண்டு! பணம் போட்டபோது பள்ளிக்குப் போன பிள்ளைகள் தீர்ப்பு வந்தபோது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

தாமதம் பல இடங்களில் ஒளிந்திருக்கிறது. முதலாவது, சொத்து கைமாறுவது. நிறுவனம் தள்ளாடுகிறது என்று தெரிந்ததுமே நிலத்தை மச்சான் பெயருக்கும் ஓட்டுநர் பெயருக்கும் மாற்றுவார்கள். வழக்குப் பதிவான அன்றே எல்லாச் சார்பதிவாளர் அலுவலகங்களுக்கும் தகவல் போய், அந்த நிலங்களின் வில்லங்கச் சான்றில் ஏறிவிட வேண்டும். கணினி வழியே இதைச் செய்ய ஒரு மணி நேரம் போதும்.

அடுத்தது, முடக்கிய சொத்தின் பொறுப்பாளர். இந்த வேலை பெரும்பாலும் மாவட்ட வருவாய் அலுவலரிடம் இருக்கிறது. வெள்ளம், தேர்தல், நில எடுப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் அவர் இதையும் பார்க்க வேண்டும். பழகிக்கொள்ளும் நேரத்தில் இடமாற்றம் வந்துவிடும். அவ்வளவு நாளும் முடக்கிய தறி துருப்பிடிக்கும், கார் டயர் மண்ணில் புதையும், கட்டடத்தில் செடி முளைக்கும். மேற்கு மாவட்டங்களுக்கென்று இந்த ஒரு வேலையை மட்டும் பார்க்கும் முழு நேர அதிகாரி ஒருவரை, மதிப்பீட்டாளர்களோடு நியமித்தால் ஏலம் வேகமாக நடக்கும். 2019 சட்டம் நீதிமன்றம் இந்த நடைமுறையை 180 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், குற்றத்தால் வந்த சொத்தை நீதிமன்ற ஆணைப்படி மாவட்ட ஆட்சியர் 60 நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிரித்துத் தர வழி இருக்கிறது. நல்ல கருவிகள் கைக்கு வந்துவிட்டன. எடுத்துப் பயன்படுத்த ஆள் வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். எந்த வழக்கில் எவ்வளவு சொத்து முடக்கப்பட்டது, ஏலம் எந்த நிலையில் இருக்கிறது என்று மாதம் ஒரு முறை தமிழில் வெளியிடுங்கள். எழுபது வயதில் தாராபுரத்திலிருந்து பஸ் ஏறிக் கோவைக்குப் போய், “அடுத்த மாதம் வாங்க” என்ற ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களை எனக்குத் தெரியும்.

புகாரைத் திரும்பப் பெற்றால் பணம் தருவதாக நிறுவனத்திலிருந்து பேசுகிறார்கள். நம்பலாமா?

பணம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். ஒருவருக்கு மட்டும் ரகசியமாகக் கொடுப்பது மற்றவர்களின் பங்கிலிருந்து எடுத்த பணம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் போட்ட பணத்துக்கு வருமான வரிக் கணக்கு இல்லை. புகார் கொடுத்தால் என் மீதே பாயுமா?

இந்தப் பயத்தை வைத்துத்தான் மோசடிக்காரர் நிம்மதியாகத் தூங்குகிறார். விவசாய வருமானம் என்றால் பயமே தேவையில்லை, அதற்கு வருமான வரி இல்லை. மஞ்சள் மண்டிச் சீட்டையும் தேங்காய் விற்ற ரசீதையும் தேடி எடுத்து வையுங்கள். வேறு வழியில் வந்த பணம் என்றால் ஒரு கணக்காயரைப் பார்த்துவிட்டுப் போங்கள். எப்படியிருந்தாலும் புகார் கொடுங்கள்.

கைபேசிச் செயலி மூலம் பணத்தை இழந்தேன். அதற்கும் இதே பிரிவா?

முதலில் இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள், அந்த நிமிடமே. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓடிக்கொண்டிருக்கும், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் மறிக்கலாம். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கல்லூரி மாணவர்களின் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கு வங்கிக் கணக்கையும் சிம் கார்டையும் வாடகைக்கு விடும் பழக்கம் பிள்ளைகளிடம் பரவுகிறது. திருடிய பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் போகிறது. காவல்துறை முதலில் வந்து நிற்பது கணக்கின் பெயரில் உள்ள உங்கள் பிள்ளையிடம்தான்.

அதிகாரிகளே விலை போய்விட்டால்?

பாசி வழக்கில், நிறுவனத்தை மிரட்டிப் பணம் பறித்ததாகக் காவல் அதிகாரிகள் மீதே தனி வழக்குப் பதிவானது. உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டதும் நாம் பார்த்ததுதான். கோடிக்கணக்கில் பணம் புழங்கும் வழக்கில் ஒரே அதிகாரியின் கையில் முழு முடிவும் இருக்கக் கூடாது. கணக்கு முடக்குவது, கைது செய்வது, விடுவிப்பது ஒவ்வொன்றுக்கும் தேதியும் காரணமும் எழுத்தில் பதிவாகி மேலே போக வேண்டும். நேர்மையான அதிகாரிகளுக்கும் அதுவே பாதுகாப்பு. அப்படிப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்கும் முதியவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து வாக்குமூலம் எழுதியவர்கள் அவர்கள். வழக்கு முடியும் வரையாவது அவர்களை இடம் மாற்றாமல் விடுங்கள்.

அம்மா புகார் கொடுக்கவே மாட்டேன் என்கிறார். ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்கிறார். என்ன செய்வது?

முதலில் “ஏன் போட்டாய்” என்று கேட்பதை வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் அவர் மறைக்கிறார். பால் விற்ற காசையும் ஆடு விற்ற காசையும் சேர்த்து, பேத்திக்கு ஒரு பவுனாவது எடுக்கலாம் என்று போட்டிருப்பார்.

அதே ஊரில் ஏமாந்த இன்னும் இருவரைக் கண்டுபிடியுங்கள், நிச்சயம் இருப்பார்கள். மூன்று பெண்களாகச் சேர்ந்தால் தயக்கம் பாதியாகிவிடும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் என்பதால் அன்று கூட்டம் அதிகம் இருக்கும், வேறு நாளில் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்கு நேராகப் போங்கள். நீங்களும் கூடப் போங்கள். மனுவை அம்மாவே தன் வார்த்தையில் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு முறை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்கி அவர் கையிலேயே கொடுங்கள்.